விக்ராந்தின் கதையில் கொதிகலனை விட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 4 கடற்படை நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்த் 'இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட கப்பல்' என்று இருந்தது. அந்தப் போருக்காகக் கட்டத் தொடங்கிய கப்பல்தான் அது, போரைப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் தளத்தில் 1943 அக்டோபர் 14 அன்று 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் அடிக்கட்டை போடப்பட்டது. நீரில் இறக்கிய நாள் 1945 செப்டம்பர் 22. ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டது அதே மாதம் 2-ஆம் தேதி. 1947 மே மாதம் முக்கால்வாசி வேலை முடிந்த நிலையில் கட்டுமானத்தை நிறுத்திவிட்டார்கள். 1957-இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்ட்டில் கோணமாக அமைந்த இறங்குதளம், விமானத்தை வீசி ஏவும் நீராவி கேட்டபுல்ட், இறங்குவதற்கு வழிகாட்டும் கண்ணாடி ஆகியவற்றைப் பொருத்தி முடித்தது. 1961 மார்ச் 4 அன்று கப்பல் பணியில் சேர்ந்தது.

இந்த வகை இலகு விமானந்தாங்கிகளைச் சரக்குக் கப்பல் கட்டும் தளங்களிலும் கட்ட வேண்டும் என்பதற்காக, உடற்பகுதியைப் பெரும்பாலும் வணிகக் கப்பல் முறையிலேயே வடிவமைத்தார்கள். கனமான கவசம் கிடையாது. போர் நடக்கும் சில ஆண்டுகள் தாங்கினால் போதும் என்பதே கணக்கு. அப்படிப்பட்ட கப்பலை இந்தியா 1997 ஜனவரி 31 வரை, அதாவது 36 ஆண்டுகள், ஓட்டியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் நடந்தது புரியும். கட்டுரையில் விடுபட்டிருப்பதும் அதுதான்.

விக்ராந்தில் நான்கு கொதிகலன்கள், இரண்டு சுழல்தண்டுகள், மொத்தம் 40,000 குதிரைத்திறன். முழு வேகம் ஏறக்குறைய 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). கொதிகலன் ஒவ்வொன்றிலும் மேலே ஒரு நீராவி டிரம்மும் (உருளை) கீழே இடமும் வலமுமாக இரண்டு வாட்டர் டிரம்களும் இருக்கும். இவற்றை நூற்றுக்கணக்கான குழாய்கள் கூரை சாய்ந்த மாதிரி இணைக்கும். நெருப்பு எரிவது அந்தக் கூரைக்கு அடியில். 1970 ஜூன் மாதம் வாட்டர் டிரம்களில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. வெல்டிங் வைத்து மூடிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். உயர் அழுத்தம் தாங்கும் தடித்த உருளையில் பற்றவைத்தால், அந்தச் சூடே சுற்றியுள்ள உலோகத்தில் புது இழுவிசையை உண்டாக்கும். அதைப் போக்க உருளை முழுவதையும் சீராகச் சூடேற்றி ஆற்ற வேண்டும். குழாய்கள் செருகியிருக்கும் உருளையைக் கப்பலுக்குள் வைத்துக்கொண்டு அது ஆகாது. வெளியே எடுப்பதென்றால் மேல்தளங்களை அறுக்க வேண்டும்.

'ஒரு கொதிகலன் போனதால் வேகம் பாதியானது' என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்கு அப்படி வராது. கப்பலுக்கு வேண்டிய திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும். நான்கில் மூன்று கொதிகலன்கள் முழுமையாக எரிந்தாலே 22 நாட் வேகத்துக்கு மேல் போகலாம். உண்மையில் இழப்பு வந்தது, நலமாக இருந்தவற்றையும் நம்ப முடியாமல் போனதால். 1971 சோதனை ஓட்டங்களுக்குப் பிறகு நீராவி அழுத்தத்துக்கு வரம்பு வைத்து, கப்பலை உந்தும் சுழலிகள் (புரொப்பெல்லர்) முன்னோக்கி நிமிடத்துக்கு 120 சுற்று, பின்னோக்கி 80 சுற்று என்று கட்டுப்படுத்தினார்கள். வேகம் 14 நாட் ஆக இறங்கியது. அந்த வேகத்துக்கு முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

விமானந்தாங்கிக்கு வேகம் என்பதே காற்று. கப்பல் எதிர்காற்றை நோக்கி ஓடும்போது காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் சேர்ந்துதான் விமானத்தின் இறக்கைக்குக் கிடைக்கும். கப்பலில் 10 நாட் குறைந்தால் அந்தக் குறைவைக் கேட்டபுல்ட் ஈடுகட்ட வேண்டும். இல்லையென்றால் குண்டையோ எரிபொருளையோ குறைக்க வேண்டும். கேட்டபுல்ட்டும் அதே கொதிகலனின் நீராவியைத்தான் குடிக்கிறது. அதனால் அழுத்தம் குறைக்கும் அமைப்பைத் தவிர்த்து நீராவியை நேரடியாகக் கேட்டபுல்ட்டுக்குக் கொடுத்து, நீர்மூழ்கிகளை வேட்டையாடும் கனமான அலிஸே விமானங்களைக் கிளப்ப ஒப்புதல் தரப்பட்டது. இறங்கும்போதும் இதே சிக்கல்தான்: தளத்தின் மேல் காற்று குறைந்தால், விமானத்தின் கொக்கி, அதை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய பிடிகம்பியில் அந்த அளவு கூடுதல் வேகத்தில் விழும். மெதுவாக, நேர்கோட்டில், நெடுநேரம் ஓடும் கப்பல் நீர்மூழ்கிக்குச் சுலபமான இலக்கு என்பதும் உண்டு.

விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜியை ஏமாற்றிய உத்தியை இந்தப் பின்னணியோடு எழுதினால்தான் பொருள் இருக்கும். கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்த, நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், சென்னையில் பயிற்சி முடித்திருந்த விக்ராந்தை அந்தமானுக்கு அனுப்பி மறைத்தார். பழைய நாசகாரிக் கப்பலான ராஜ்புத், விசாகப்பட்டினத்துக்கு அப்பால் விக்ராந்தைப் போலக் கம்பியில்லாச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டிக் காஜி மூழ்கியது. ராஜ்புத்தின் ஆழ்குண்டுகளே காரணம் என்பது இந்தியக் கடற்படையின் நிலை. உள்ளே நேர்ந்த வெடிப்பு அல்லது கண்ணிவெடி என்பது பாகிஸ்தான் தரப்பு. இரண்டையும் எழுதுங்கள். மறுநாள் காலை விக்ராந்தின் சீஹாக் போர் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) காக்ஸ் பஜாரைத் தாக்கின. சிட்டகாங்கும் குல்னாவும் மோங்லாவும் தொடர்ந்தன. விக்ராந்தின் கேப்டன் சுவராஜ் பிரகாஷுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அந்த விருதைச் சொல்லும் இடத்தில் கொதிகலன் அறையில் நின்றவர்களையும் ஒரு வரி சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஏவுதலுக்கும் நீராவி கொடுத்தவர்கள் அவர்கள்.

இன்னும் இரண்டு திருத்தங்கள். கடற்படை நாள் விக்ராந்தின் தாக்குதலுக்காக அல்ல, 1971 டிசம்பர் 4 இரவில் கராச்சி மீது நடந்த ஏவுகணைத் தாக்குதலுக்காகக் கொண்டாடப்படுகிறது. இந்த இலகு விமானந்தாங்கிக் குடும்பத்தில் கடைசியாக ஓய்ந்ததும் விக்ராந்த் அல்ல. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் 2001 வரை பணியில் இருந்தது. இணையப் பதிப்பிலாவது இவற்றைச் சரிசெய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை