சைக்கிள் பட்டறைக் கூலியில் என்ன அடங்கியிருக்கிறது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

“அங்கிள், சாமான் எல்லாம் ஆன்லைன்ல வாங்கிட்டேன், மாட்டி மட்டும் குடுங்க.” வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்திலோ தொழிற்பேட்டை மூலையிலோ மவுண்டன் பைக் எனும் மலைப்பாதை சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் சின்னக் கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். கூலியைச் சொன்னதும் அடுத்த கேள்வி: “மாட்டுறதுக்கு மட்டும் இவ்வளவா?” கேட்பவர் மீது குறை சொல்ல மாட்டோம். அந்தக் கூலிக்குள் என்ன வேலை இருக்கிறது என்று யாரும் அவருக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். சிங்கப்பூரின் செஸ்நட்டிலும் புக்கிட் தீமாவிலும் புலாவ் உபினிலும் தமிழ்க் குடும்பங்களும் இளையர்களும் மவுண்டன் பைக் ஓட்டுகிறார்கள். அவர்களுக்காக, இந்தத் தொழிலை அருகிலிருந்து அறிந்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

முதலில் நம் ஊர் மண். புக்கிட் தீமா வட்டாரத்தில் கருங்கல் சிதைந்து உண்டான களிமண்ணில் பொடிமணலும் கலந்திருக்கும். ஈரமாக இருந்தால் எங்கும் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் உப்புத்தாள்போல் உலோகத்தைத் தேய்க்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஓட்டுபவரின் வியர்வை வேறு ஹேண்டில் தண்டில் வழிந்து, அது திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கில் உப்பை இறக்கும். குளிர்நாட்டில் பனிக்காலம் முழுக்கச் சுவரில் தொங்கும் சைக்கிளுக்கு இருக்கும் ஓய்வு இங்கே எந்த சைக்கிளுக்கும் கிடையாது. ஆகவே, தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள பராமரிப்புக் கெடுவை நாம் அதிகபட்சக் கெடுவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் ஃபோர்க்கைப் பார்ப்போம். அதன் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது ஃபோர்க் தயாரிப்பாளரான ராக்‌ஷாக்ஸ். ஃபாக்ஸ் நிறுவனம் முழுப் பராமரிப்புக்குச் சொல்லும் கெடு 125 மணி நேரம் அல்லது ஓராண்டு. வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினாலே நான்கு மாதத்தில் 50 மணி நேரம் ஆகிவிடும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளாகத் திறக்கவே திறக்காத ஃபோர்க்குகள்தான் பட்டறைக்கு அதிகம் வருகின்றன.

அந்த வேலை எப்படி நடக்கிறது? காற்றறையின் அழுத்தத்தை முழுவதுமாக இறக்க வேண்டும். அழுத்தம் இருக்கும்போது அடிப்போல்ட்டைக் கழற்றுவது ஆபத்து. பிறகு, அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தைச் சரிசெய்யும் ரீபவுண்ட் குமிழை உருவி, இரண்டு அடிப்போல்ட்டுகளையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியலால் அவற்றின் தலையில் தட்ட வேண்டும். உள்ளே இறுகியிருக்கும் தண்டு அப்போதுதான் விடும். போல்ட்டை முழுதும் கழற்றிவிட்டுத் தட்டினால் மரை நசுங்கும். காணொளி பார்த்து வீட்டில் செய்பவர்கள் கோட்டைவிடும் இடம் இது. கீழ்க்கால்களை இழுத்ததும் வடியும் எண்ணெயின் நிறத்தை மெக்கானிக் உற்றுப் பார்ப்பார். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்ந்துகொண்டிருக்கிறது.

அதன்பின் தூசி சீல்களை விளிம்பில் கீறல் விழாமல் நெம்பி எடுப்பார். அடியிலுள்ள பஞ்சு வளையங்களை மாற்றி, புதியவற்றை எண்ணெயில் ஊறவைப்பார். குச்சியில் துணி சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, குழாய் வழுக்கும் உள்வளையமான புஷ்ஷிங் வரைக்கும் துடைப்பார். புது சீலைக் கோணாமல் நேராக அழுத்துவார். கோணலாக உட்கார்ந்த சீல் ஒரே வாரத்தில் கசியும். எண்ணெயைச் சிரிஞ்சில் அளந்துதான் ஊற்றுவார். மாடலுக்கு மாடல், சில நேரம் இடக்காலுக்கும் வலக்காலுக்குமே அளவு வேறுபடும். ‘கொஞ்சம் கூட இருக்கட்டும்’ என்று அதிகம் ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து ஃபோர்க் முழு நீளத்துக்கு அமுங்காது. அடிப்போல்ட்டின் நசுங்கிய வாஷரை மாற்றி, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, பல ராக்‌ஷாக்ஸ் மாடல்களுக்குச் சுமார் 7 நியூட்டன் மீட்டர் என்ற கணக்கில் முறுக்குவார். கடைசியில் காற்றடித்து, ஓட்டுபவர் தன் எடையோடு ஏறி நின்றால் ஃபோர்க் 15 முதல் 20 விழுக்காடு வரை அமுங்குகிறதா என்று சரிபார்ப்பார். பழகிய கைக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். சீல் ஜோடியின் விலையை மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டு வருபவர் இந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்பதில்லை.

இதைத் தவிர்த்தால் மண், கீழ்க்கால்களுக்குள் வழுக்கும் மேல்குழாயின் பூச்சைக் கீறிவிடும். பூச்சு போன குழாயைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. குழாய்களை இணைக்கும் கிரீடம், ஹேண்டிலோடு சேரும் ஸ்டியரர் தண்டு, இரண்டு குழாய்கள் எல்லாம் ஒரே தொகுதி. அதை அப்படியே மாற்ற வேண்டும். அந்தச் செலவில் பல ஃபோர்க் பராமரிப்புகளை முடித்துவிடலாம்.

பிரேக்குக்கு வருவோம். இவை திரவ அழுத்தத்தில் இயங்குபவை. ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்கில் மினரல் எண்ணெய். ஸ்ரேம் நிறுவனத்தின் பெரும்பாலான பழைய மாடல்களில் டாட் எனும் பிரேக் திரவம். அண்மைய சில மாடல்களில் அந்த நிறுவனமும் மினரல் எண்ணெய்க்கு மாறியிருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டு, பிரேக்கையே தூக்கிப்போட வேண்டிவரும். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் கூடக் கூட அதன் கொதிநிலை குறையும். நம் ஊரில் திறந்து பல மாதமான டாட் பாட்டிலை நம்பக்கூடாது. நல்ல கடைக்காரர் சிறிய பாட்டிலாக வாங்கி, மிச்சத்தை ஒதுக்கிவிடுவார். அதுவும் கூலியில்தான் அடங்கும். ‘பிரேக் கத்துகிறது’ என்று வரும் பல சைக்கிள்களில், யாரோ செயினுக்கு அடித்த ஸ்பிரே, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கில் பட்டிருக்கும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் எண்ணெய் குடித்துவிட்டால் அதைத் துடைத்துப் பயனில்லை. பேடை மாற்றி, டிஸ்க்கை ஆல்கஹாலால் துடைத்து, மிதமான வேகத்திலிருந்து இருபது முப்பது முறை முழுதும் நிற்காமல் பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். செயினுக்கு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக, உள்பக்கத்தில் விடுங்கள்; ஸ்பிரே வேண்டாம்.

உள்டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில், ஓட்டையை அடைப்பதற்காக இருக்கும் லேடெக்ஸ் சீலன்ட் திரவம் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். 29 அங்குல, 2.4 அங்குல அகல டயருக்கு ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் வேண்டும். சக்கரத்தைக் காதருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள். திரவம் அலம்பும் சத்தம் கேட்கவில்லை என்றால் முள் குத்தும்போது அடைக்க உள்ளே எதுவும் இல்லை. இதைப் பார்க்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

இணையத்தில் வாங்கிய சாமான் பெரும்பாலும் எங்கே பொருந்தாமல் போகும் என்றும் சொல்லிவிடுகிறோம். பின்சக்கர மையத்தில் பல்சக்கரத் தொகுதியான கேசட் உட்காரும் பகுதி மூன்று வகையில் அதிகம் வருகிறது: ஷிமானோவின் பழைய ஹெச்ஜி, அதன் புதிய மைக்ரோ ஸ்பிளைன், ஸ்ரேமின் எக்ஸ்டி. பத்துப் பல்லில் தொடங்கும் ஷிமானோ 12 வேகக் கேசட் ஹெச்ஜியில் ஏறாது. பின் அச்சின் அகலம் 142 மில்லிமீட்டரா, 148 மில்லிமீட்டரா என்று அளக்காமல் சக்கரம் வாங்குவோரும் உண்டு. கியர் தொங்கும் ஹேங்கர் இன்னும் மோசம். ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒரு வடிவம். 2019இல் ஸ்ரேம் பொது ஹேங்கர் ஒன்றைக் கொண்டுவந்த பிறகு நிலைமை சற்றுத் தேவலை. ஆனால் பழைய ஃபிரேம்களுக்காகச் சின்னக் கடைக்காரர் இழுப்பறை நிறைய ஹேங்கர்களை வாங்கி வைத்துக் காத்திருக்கிறார். விழுந்து வளைந்த ஹேங்கரை அளவுகோலால் ரிம்மின் நான்கு பக்கமும் ஒப்பிட்டு நேராக்குவதும் அவர்தான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினாலே 12 வேகக் கியர் தாவும். கேபிளை எத்தனை முறை திருகினாலும் சரியாகாது.

2023 ஜனவரியிலிருந்து வெளிநாட்டு இணையக் கடைகளின் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள் சேவை வரி வந்துவிட்டது. விலை வித்தியாசம் முன்போல் இல்லை. ஆகவே, வாங்கும் முன் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டுபோய் எது பொருந்தும் என்று கேளுங்கள். கேட்ட பிறகு அங்கேயே வாங்குங்கள். அவருடைய அறிவை இலவசமாக வாங்கிக்கொண்டு பொருளை வேறிடத்தில் வாங்குவது நியாயமில்லை.

மவுண்டன் பைக் பிறந்ததே சின்னப் பட்டறைகளில்தான். கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976இல் ரீபேக் இறக்கப் பந்தயம் தொடங்கியபோது ஓடியவை பழைய, தடித்த டயர் சைக்கிள்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர மையத்துக்குள் இருக்கும் பிரேக் சூடேறி கிரீஸ் எரிந்து புகையும். ஒவ்வொரு முறையும் மையத்தைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். பந்தயத்தின் பெயரே அந்த வேலையிலிருந்து வந்தது. ஜோ பிரீஸ் 1977இல் மலைப்பாதைக்கென்றே ஃபிரேம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் டாம் ரிட்சியின் ஃபிரேம்களை விற்கச் சிறு நிறுவனம் தொடங்கினர். பெரிய நிறுவனங்கள் பிறகுதான் வந்தன. நம் ஊருக்கும் இதில் பங்குண்டு: ஷிமானோ ஜப்பானுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1973இல் சிங்கப்பூரில்தான் அமைத்தது.

பாதைகளைப் பற்றியும் கொஞ்சம். 2008இல் உபினில் கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா திறந்தது. 81 ஹெக்டர் செஸ்நட் இயற்கைப் பூங்கா 2017இல் முழுமையானது. பாதை நிலைக்க வேண்டுமானால் தண்ணீர் அதன் நீளத்தில் ஓடாமல் குறுக்கே வழிந்துபோக வேண்டும். அதற்காகத்தான் சரிவின் பக்கம் ஐந்து விழுக்காடு சாய்த்து வெட்டுகிறார்கள். மழை நின்ற உடனே நாம் ஓட்டினால் டயர் தடம் பள்ளமாகி, அடுத்த மழையில் அதுவே கால்வாயாகும். மம்பட்டியும் வாரியும் எடுத்து அதைச் சரிசெய்யும் தொண்டூழியர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி, மூடியிருக்கிறது என்ற பலகையை மதித்துத் திரும்பிவிடுவதுதான்.

உபின் படகுத்துறை அருகே வாடகைக்கு சைக்கிள் விடும் குடும்பக் கடைகளுக்கும் இதே கணக்குத்தான். கடல் காற்றில் செயினும் கேபிளும் துருப்பிடிக்கும், அதை நாள்தோறும் பார்க்க ஆள் வேண்டும். எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், இருக்கையை உங்கள் உயரத்துக்கு வையுங்கள். ஆடினால் வேறு சைக்கிள் கேளுங்கள், கொடுப்பார்கள். அந்த சைக்கிளைக் கெத்தாமின் கறுப்புக் குறியிட்ட கடினமான பாதையில் இறக்காதீர்கள். கிராமச் சாலைக்கென்று வைத்திருக்கும் வண்டி அது.

கடைக்காரர்களிடமும் சில கேட்க வேண்டும். பில்லில் சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியே எழுதுங்கள். கழற்றிய சீல், பேட், பேரிங்கைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளர் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்தால் கூலியைப் பற்றிக் கேட்க மாட்டார். வேலையைத் தொடங்கும் முன் தொகையைச் சொல்லுங்கள். உள்ளே வேறு பழுது தென்பட்டால் படம் எடுத்து அனுப்பிக் கேட்ட பிறகு கை வையுங்கள். இப்படிச் செய்யும் கடைகள் இருக்கின்றன. அவற்றுக்கு விளம்பரப் பணம் இல்லை. நாம் நாலு பேரிடம் சொன்னால்தான் உண்டு.

இயந்திரப் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் இத்தகைய பட்டறையில் சேர்ந்து கற்கலாம். டார்க் ரெஞ்ச் பிடிப்பதும் பேரிங்கை வெளிவளையத்தில் அழுத்தி ஏற்றுவதும் அங்கே கையோடு பழகும். சில கடைகளில் மூத்த மெக்கானிக்குகள் தனியாளாக வேலை பார்க்கிறார்கள், எடுபிடிக்கு ஆள் கிடைத்தால் கற்றுத்தரத் தயங்க மாட்டார்கள். பெற்றோர் ஒருமுறை நேரில் போய்க் கேட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை கூட்டமாக இருக்கும், வார நாள் பிற்பகலில் போங்கள்.

இப்படிக்கு,
மவுண்டன் பைக் ஆர்வலர்களான வாசகர்கள்,
புக்கிட் பாஞ்சாங்