சித்தியின் ஸ்கேன் நார்மல்தான், ஆனால்...

தம்பிக்கு,

நீ பஹ்ரைனிலிருந்து அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். "நார்மல்னு போட்டிருக்குக்கா, அப்புறம் அம்மா ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு ஷிப்ட் வந்துவிடும். உன்னைப் போல அம்மாவை ஊரில் விட்டுப் போன பிள்ளைகள் பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் இருக்கிறார்கள். அதனால் பெயர் போடாமல் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது சித்தியைப் பார்த்தேன். விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு பாசி எடுக்கக் கடலில் முங்கினால் பை நிறையாமல் கரையேறாதவர். மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது என்று கலங்கல் தண்ணீரிலும் தடவியே சொல்லிவிடுவார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். சோறு பாதி அப்படியே கிடக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். "எதுலயும் மனசு ஒட்டலடி" என்றார், அவ்வளவுதான். அழுதிருந்தால் ஊரே கூடி என்ன கவலை என்று கேட்டிருக்கும். அழாததால் 'வயசாயிருச்சு' என்று விட்டுவிட்டார்கள். எனக்கென்னவோ இது மனச்சோர்வு மாதிரி தெரிகிறது.

நீ அனுப்பியது சி.டி. ஸ்கேன். மதுரையில் தினமும் ஆட்களை ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளுகிறவள் சொல்கிறேன்: கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, பெரிய பக்கவாத அடையாளம் இல்லை என்பதற்குத்தான் அந்த 'நார்மல்'. எம்.ஆர்.ஐ. இன்னும் கொஞ்சம் காட்டும். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கிறதா என்று அதில் பார்ப்போம். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குக் கடல்குதிரை என்று அர்த்தம். நம்மூர் வலையில் சிக்குகிற அதே கடல்குதிரைதான், வடிவத்தை வைத்து வந்த பெயர். பிரஷரும் சர்க்கரையும் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுத்திருந்தால் வெள்ளைத் திட்டுகளும் தெரியும். முதுமையில் மனச்சோர்வு வந்தவர்களிடம் இந்த இரண்டும் கூடுதலாகவே காணப்படுகின்றன.

ஆனால் அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் சேர்கிற டாவ், அமிலாய்டு என்ற புரதங்கள் இந்த இரண்டு ஸ்கேனிலும் தெரியாது. அதற்கு ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கிற தனி பெட் (PET) ஸ்கேன் வேண்டும். ஜப்பானில் 2025இல் அப்படி ஓர் ஆய்வு வந்தது. நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாக மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறு வந்த 52 பேரையும் நலமாக இருந்த 47 பேரையும் ஸ்கேன் செய்தார்கள். முதல் கூட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டாவ் இருந்தது; மற்றவர்களில் 15 சதவீதம்தான். லண்டன் அரசு ஊழியர்களை 28 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வில், மறதி நோய் வந்தவர்களுக்கு அது கண்டுபிடிக்கப்படுவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பிருந்தே மனச்சோர்வின் அறிகுறிகள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. சிலருக்கு மறதிக்கு முன்னால் மனம்தான் முதலில் சோர்கிறது.

பயந்துவிடாதே. பாதிப் பேருக்கு டாவ் என்றால் மீதிப் பாதிக்கு இல்லை என்றும் அர்த்தம். வெறும் மனச்சோர்வே மறதி மாதிரி வேஷம் போடும். மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால் பலருக்குத் தெளியும். அதனால் முதலில் சோர்வுக்கு வைத்தியம், சில மாதம் கழித்து நினைவுச் சோதனை. தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் உண்டு. காதையும் பார்க்க வேண்டும். லான்செட் மருத்துவ இதழின் 2024 அறிக்கை சொல்கிற, மறதி நோய்க்கு நம்மால் குறைக்கக்கூடிய 14 காரணங்களில் மனச்சோர்வும் காது கேளாமையும் இருக்கின்றன.

எங்கள் அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு இதே மாதிரி உட்கார்ந்தபோது, ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் தூக்க மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். ஸ்கேன் எடுக்கிற நானும் கேட்கவில்லை. ஒருநாள் ஜெட்டிக்கு வழி தெரியாமல் நின்றார்.

பெரியம்மா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். துவா ஓதிவிட்டு வரட்டும், தப்பில்லை. அங்கேயே விட்டுவிட்டு வருகிற பேச்சு மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு தீயில் கருகிய 28 பேரில் பலரையும் சொந்தக்காரர்கள்தான் விட்டுப் போயிருந்தார்கள்.

வியாழக்கிழமை எனக்கு லீவு. ராமநாதபுரத்தில் மனநல டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். சித்தி கடைசியாக எப்போது பாசி எடுக்கப் போனார் என்று அவரிடமே பேச்சுவாக்கில் கேட்டு எழுது. டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அக்கா