செயலாளரின் ஆண்டறிக்கை: ஷெட்லாண்டுக் குளிர்காலப் பயணமும் மற்றவையும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குளிரைப் பொருட்படுத்தாமல் இன்று மாலை கூடியிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இயங்கும் நம் இயற்கை நடைச் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமானவற்றை விரைவில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு கூட்டங்கள் தொலைபேசியில் நடந்தன, அவற்றில்தான் வேலை அதிகம் நடந்தது. நியூபர்க்கில் ஐதான் ஆற்று முகத்துவாரத்துக்கு இரண்டு நடைகள், ஜூனில் கடற்பறவைகளைப் பார்க்க ஃபவுல்ஸ்ஹியூ பாறைச் சரிவுக்கு ஒன்று, ஐஸ்லாந்திலிருந்து வரும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகளுக்காக அக்டோபரில் ஸ்ட்ராத்பெக் ஏரிக்கு ஒன்று. துறைமுக வாயிலில் டால்பின் பார்க்க டோரி பேட்டரி என்ற பழைய பீரங்கிக் கோட்டைக்குப் போவது மட்டும் எந்த அறிவிப்பும் இல்லாமலே நடக்கிறது. அதைச் சங்கத்தின் சாதனையாகச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம்.

இனி ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் தீவுக்கூட்டமான ஷெட்லாண்டு. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதுதான். குளிர்காலத்தில் அங்கே போவது சென்ற பொதுக்குழுவில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய தீர்மானம் என்பதால், எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் நான் கணக்குச் சொல்ல வேண்டும்.

அன்று எழுந்த எதிர்ப்பு நியாயமானது. "ஷெட்லாண்டு போகிறவன் பஃபின் பார்க்கப் போவான், அதற்குக் கோடைதானே காலம்?" என்று, வண்ண அலகு கொண்ட அந்தக் கடற்பறவைக்காகத் துணைத்தலைவர் கேட்டார். கோடையில் அங்கே இரவு முழுவதும் இருட்டுவதில்லை, குளிர்காலத்திலோ பகல் முழுவதும் விடிவதில்லை என்றும் சொன்னார். இரண்டாவது பாதி கொஞ்சம் மிகை. டிசம்பர் கடைசியில் அந்தத் தீவுகளின் முக்கிய ஊரான லெர்விக்கில் பகல் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாங்கள் போனது பொங்கல் முடிந்த வாரம், அப்போது ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. என் வாதம் இதுதான்: கோடைப் பறவைகளில் பாதியை நாம் ஃபவுல்ஸ்ஹியூவிலேயே பார்த்துவிடுகிறோம். ஆர்க்டிக் பக்கமிருந்து வந்து குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகளை அந்தத் தீவுகளின் உள்கடல்களில்தான் கரையோரமாகவே நின்று பார்க்க முடியும். குளிர்காலத்தில் கப்பல் கட்டணம் குறைவு என்பதும் ஒரு காரணம். அதை அன்று நான் அழுத்திச் சொல்லவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பதினான்கு பேர் புறப்பட்டோம், அவர்களில் இருவர் சிறுவர்கள். மாலை ஏழு மணிக்கு அபர்டீனில் ஏறினால் மறுநாள் காலை ஏழரைக்கு லெர்விக். அலுவலக ஜன்னலிலிருந்து அந்த நீலக் கப்பலைத் தினமும் பார்ப்பவர்கள் நம்மில் பலர் உண்டு, ஏறியவர் ஒருவரும் இல்லை. துறைமுக வாயிலைத் தாண்டிய கால் மணி நேரத்தில் கப்பல் ஆடத் தொடங்கியது. புளியோதரைப் பொட்டலத்தைத் திறந்தவர்கள் மூவர். முடித்தவர் ஒருவர், அவர் நம் பொருளாளர். அவருடைய வயிறு சங்கத்தின் கணக்கைப் போலவே உறுதியானது என்று இங்கே பதிவு செய்கிறேன்.

லெர்விக்கில் இறங்கும்போது கும்மிருட்டு. சூரியன் வர ஏறத்தாழ ஒன்பது மணி ஆகும். வாடகைக்கு எடுத்த இரண்டு வண்டிகளில் ஒன்றின் கதவைக் காற்று பிடுங்கிப் பின்பக்கமாக வளைத்துவிட்டது. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும் என்று சாவி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்கள். திறந்தது நான்தான். அந்தச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன், சங்கக் கணக்கில் தேட வேண்டாம். நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள், அவற்றில் பதினாறில்தான் மனிதர்கள். கண்ணுக்கு எட்டிய வரை மரமே இல்லாத மண். காற்றைத் தடுக்க எதுவுமில்லாத ஊரில் இது நடந்ததில் வியப்பில்லை.

முதல் நாள் தெற்கே போனோம். சம்பரோ விமான நிலையத்தில் ஓடுபாதையின் குறுக்கே சாலை போகிறது. விமானம் வரும்போது ரயில்வே கேட் போலக் கம்பத்தை இறக்குகிறார்கள். சிறுவர்கள் இருவருக்கும் பயணத்தின் சிறந்த காட்சி அதுதானாம். அதைத் தாண்டினால் முனையில் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய 1821ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம். பாறைச் சரிவில் ஃபுல்மர் என்ற கடற்பறவைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. கூடு கட்ட இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஆனாலும் இடம் பறிபோய்விடக் கூடாதே என்று ஜனவரியிலேயே துண்டு போட்டு வைக்கும் பறவை அது. நம் ஊர்ப் பேருந்துகளில் பயணம் செய்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பஃபின் ஒன்றுகூட இல்லை. ஆகஸ்டில் கடலுக்குப் போனால் ஏப்ரல் வரை அவை கரைக்கு வருவதில்லை. நடுக்கடலில் அந்த வண்ண அலகின் மேல்தகடுகளை உதிர்த்துவிட்டு, முகம் கறுத்துப்போய் மிதக்கும். எனவே ஜனவரியில் எதிரிலேயே வந்தாலும் நமக்கு அடையாளம் தெரிந்திருக்காது என்று துணைத்தலைவரைத் தேற்றினேன். தேறவில்லை.

அங்கிருந்து ஸ்பிகி ஏரியில் சில ஹூப்பர் அன்னங்களைப் பார்த்துவிட்டு, குவெண்டேல் விரிகுடாவுக்குப் போனோம். பட்டியலில் இல்லாத இடம் இது. நம் உறுப்பினர்களில் கப்பல் எஞ்சின் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்டதால் போனோம். எதிரே தெரிந்த கார்த்ஸ் நெஸ் முனையில்தான் 1993 ஜனவரி 5 அன்று பிரேயர் என்ற எண்ணெய்க் கப்பல் மோதியது. நார்வேயிலிருந்து கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். மேல்தளத்தில் கட்டி வைத்திருந்த உதிரிக் குழாய்கள் புயலில் அவிழ்ந்து உருண்டு, டீசல் தொட்டியின் காற்றுக் குழாய்களை உடைத்தன. கடல்நீர் எரிபொருளில் கலந்து எஞ்சின் நின்றது. "நாலு குழாயைச் சரியாகக் கட்டாததால் வந்த வினை" என்று அந்தப் பொறியாளர் அண்ணன் சொன்னபோது, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் வேலை பார்த்த நம் ஆட்கள் யாரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாலுமிகள் 34 பேரும் உயிர் தப்பினார்கள். கப்பலில் இருந்த 84,700 டன் கச்சா எண்ணெயும் கடலில் போயிற்று. அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கொட்டியதைப் போல இரண்டு மடங்கு.

கடற்கரையில் எண்ணெயின் சுவடே இல்லை. கல்திருப்பி உள்ளான்கள் மட்டும் பாசிக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தன. கோடியக்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும் அதே இனம் என்று சொன்னதும், நாகப்பட்டினத்து அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுப் பைனாகுலரை வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் திருப்பித் தரவில்லை.

இரண்டாம் நாள் வடக்கே. வழியில் மேட்டு நிலமெங்கும் 103 காற்றாலைகள் சுழல்கின்றன. தாவரங்கள் மட்கிச் சேர்ந்த கரிநிலத்தைத் தோண்டி அவற்றை நட்டது சரியா என்று வண்டிக்குள் தொடங்கிய விவாதம் டாஃப்ட் படகுத்துறை வரை ஓயவில்லை. அங்கிருந்து யெல் தீவுக்கு இருபது நிமிடப் படகு. அந்த யெல் நீரிணையில்தான் நான் பல ஆண்டுகளாகப் பார்க்க விரும்பிய பறவை கிடைத்தது: கிரேட் நார்தர்ன் டைவர். தமிழில் இதற்குப் பெயரில்லை, நானும் வைக்கத் துணியவில்லை. வாத்தைவிடப் பெரிய உடல், கத்தி போன்ற அலகு, தண்ணீரில் தாழ்ந்து மிதக்கும் சாம்பல் நிறம். ஓசையில்லாமல் முழுகும், எதிர்பாராத இடத்தில் எழும். தீவு மக்கள் இதை இம்மர் கூஸ் என்கிறார்கள். நீண்ட வால் வாத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கலூ. அதன் குரலைக் கேட்ட பிறகு வேறு பெயரே வைக்க முடியாது.

யெல் தீவின் கரையில் நீர்நாய். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். முதல் நாள் துறைமுகத்தில் பார்த்தது சீல். அதைத் தமிழில் கடல்நாய் என்று சிறுவர்களுக்குச் சொல்லியிருந்தோம். இன்று கடலில் மீன் பிடிப்பதை நீர்நாய் என்றதும் சிறியவன், "நேற்று மட்டும் அது கடல், இன்றைக்குத் தண்ணீரா?" என்று கேட்டான். பெரியவர்கள் யாரிடமும் விடை இல்லை. இந்த நீர்நாய் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இலங்கையிலும் இருக்கும் அதே இனம்தான். ஷெட்லாண்டில் அது பட்டப்பகலில் கடலில் இறங்குகிறது. ஆனால் உப்பு ஏறிய ரோமம் குளிரைத் தாங்காது, அதனால் கரைக்கு வந்து நன்னீரில் குளித்தே ஆக வேண்டும். கடலோரத்தில் சிறு ஓடை வந்து சேரும் இடமாகத் தேடி உட்கார்ந்தோம். அணுகும் முறை எளிது: காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும், அது முழுகும்போது நாம் ஓட வேண்டும், எழும்போது சிலையாக வேண்டும். முழுகும் நேரம் அரை நிமிடத்துக்கும் குறைவு. எட்டுத் தடவை ஓடி எட்டுத் தடவை உறைந்தோம். பிறகு அது ஒரு நண்டோடு கரையேறி, நாங்கள் இருப்பதே தெரியாமல் முழுதும் கடித்துத் தின்றது. அந்த ஒலி காற்றையும் மீறிக் கேட்டது. ஐம்பத்தெட்டு வயதில் பாசியில் வயிற்றால் ஊர்ந்த நம் தலைவர், படம் எடுக்க மறந்துவிட்டார்.

திரும்பும்போது சல்லம் வோ எண்ணெய் முனையம் இருக்கும் பக்கமாக வந்தோம். மணி மூன்றரை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி அண்ணன் இன்னொரு கணக்கைச் சொன்னார். முனையத்துக்கு முதல் எண்ணெய் வந்தது 1978 நவம்பரில். அடுத்த மாதமே, டிசம்பர் 30 அன்று, எஸ்ஸோ பெர்னிசியா என்ற கப்பலைக் கரை சேர்க்கும்போது இழுவைப் படகு ஒன்று தீப்பிடித்தது. கப்பல் துறையில் மோதி, ஆயிரத்துச் சொச்சம் டன் எரிபொருள் கசிந்தது. பிரேயரோடு ஒப்பிட்டால் எழுபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இறந்து கிடைத்த பறவைகள் சுமார் 3,700. அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை அன்று காலை நாங்கள் படகிலிருந்து பார்த்த அதே டைவர்கள். நீர்நாய்களும் செத்தன. பிரேயரில் கிடைத்த பறவை உடல்கள் இதில் பாதிகூட வராது. காரணம், பிரேயரில் இருந்தது மெல்லிய கச்சா எண்ணெய், நாள் கணக்கில் அடித்த புயல் அதைக் கடைந்து கரைத்துவிட்டது. பெர்னிசியாவில் கசிந்தது தார் போன்ற கனத்த எண்ணெய், அதுவும் பறவைகள் குளிர்காலத்துக்கு வந்து கூடியிருந்த ஒடுங்கிய உள்கடலில்.

எத்தனை டன் என்பதை மட்டும் வைத்து அறிக்கை எழுதிப் பழகியவர்கள் நாம். வண்டிக்குள் நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. அதன் பிறகு எழுந்த பேச்சிலிருந்துதான் கீழே வரும் தீர்மானம் பிறந்தது.

மூன்றாம் நாள் மழையும் காற்றும். லெர்விக் துறைமுகத்தில் மீன்படகுகளைச் சுற்றி ஐஸ்லாந்துக் கடற்காகம் ஒன்றைப் பார்த்தோம். மற்ற நேரம் அருங்காட்சியகத்தில். மதியம் ரீஸ்டிட் மட்டன் சூப். உப்பு நீரில் ஊறவைத்து அடுப்புக்கு மேல் உத்தரத்தில் தொங்கவிட்டுக் காயவைத்த ஆட்டிறைச்சி. ஒரு வாய் குடித்ததும் மதுரைக்காரர்கள் மூவரும் ஒரே குரலில் "உப்புக்கண்டம்!" என்றார்கள். சைவர்களுக்கு அன்று ரொட்டியும் வருத்தமும். மாலையில் புயல் வருகிறது என்று கப்பலை அட்டவணைக்கு முன்பே கிளப்பிவிட்டார்கள், ஓடிப்போய் ஏறினோம்.

பார்க்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வடதுருவ ஒளி தெரியவில்லை, மூன்று இரவும் மேகம். ஓர்காத் திமிங்கிலம் வரவில்லை. ஜனவரி கடைசிச் செவ்வாயன்று லெர்விக்கில் நடக்கும் தீப்பந்தத் திருவிழாவான அப் ஹெலி ஆவுக்கு ஒரு வாரம் முன்னதாகத் திரும்பிவிட்டோம். அந்த வாரத்தில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பயணத்தால் சங்க நிதிக்கு இழப்பு இல்லை.

இனி தீர்மானம். ஷெட்லாண்டில் 1979 முதல் மாதந்தோறும் தன்னார்வலர்கள் குறிப்பிட்ட கடற்கரைகளில் நடந்து, ஒதுங்கிய பறவை உடல்களை எண்ணி, எண்ணெய் படிந்தவை எத்தனை என்று குறித்து வருகிறார்கள். பெர்னிசியா விபத்துக்குப் பின் தொடங்கிய வேலை. அதே போல நம் ஊர்க் கடற்கரையில் டான் ஆற்று முகத்துவாரத்திலிருந்து வடக்கே ஒரு பகுதியை மாதம் ஒரு முறை நடக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. செயற்குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. "வார விடுமுறையில் சாவுக் கணக்கு எடுக்கவா சங்கம் தொடங்கினோம்?" என்று கேட்டவரும் நாங்கள் மதிக்கும் ஒருவர். அவர் இன்று பேசுவார், அவர் பேசி முடித்த பிறகு வாக்கெடுப்பு. நான் ஆதரித்தே வாக்களிப்பேன். முதல் மாதம் யாரும் வராவிட்டாலும் நான் போவேன். காலணி ஈரமானால் யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

கோடைப் பயணத்துக்குத் துணைத்தலைவர் மீண்டும் பஃபினை முன்மொழிந்திருக்கிறார். இந்த முறை நான் எதிர்க்கவில்லை.

கடைசியாக, சங்கத்தின் எட்டு பைனாகுலர்களில் இரண்டு ஷெட்லாண்டிலிருந்து வந்த பிறகு இன்னும் என் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒன்று யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அக்கா. மற்றொன்றை வைத்திருப்பவர் வரும் ஞாயிறு நடைக்கு எடுத்து வந்தால் போதும்.

செயலாளர்