என் கால் வலிக்கவில்லை, அண்ணே

அண்ணே,

அப்பச்சியின் வருசத் திதிக்கு வரும்போது கூட ரெண்டு நாள் லீவு போட்டு வருகிறீர்கள், சனி ஞாயிறு பிரான்மலை ஏறப் போகிறீர்கள் என்று உங்கள் வீட்டம்மா, என் அண்ணமிண்டி, போனில் சொன்னார்கள். "அவளையும் கூப்பிடு, பாதி வரைக்குமாவது வருவா" என்றீர்களாம். அவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குத்தான் அதற்கப்புறம் எந்த வேலையிலும் கை ஓடவில்லை.

நம்மைப் பெற்ற அப்பச்சி இருந்தவரை இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அப்பச்சியோடு நாம் மூவருமாக மலைக்குப் போன அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொடுங்குன்றநாதரைக் கும்பிட்டு, எல்லாரும் போகிற வழியில் ஏறி, உச்சியில் தர்காவில் சர்க்கரை வைத்து ஓதிவிட்டு இறங்கினோம். மறுநாள் ஆடு மேய்க்கிறவர்கள் போகும் தடத்தில் ஏறலாம் என்றது நீங்கள். ஒரு மலைக்கு எத்தனை வழி உண்டோ அத்தனையிலும் ஏறிப் பார்த்தாக வேண்டும் உங்களுக்கு. சின்ன வயதிலிருந்தே உங்களிடம் எனக்குப் பிடித்த குணம் அது. முதல் நாள் உச்சி வரை ஏறி இறங்கிய அலுப்பு அப்பச்சிக்கு இருக்குமே என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை.

சூரைமுள் புதரைத் தாண்டி உங்கள் நீலச் சட்டை மறைந்ததும் அப்பச்சி நின்றார். சரளையில் கால் சறுக்கியதோ என்று நினைத்தேன். பக்கத்துப் பாறையைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றப் பார்த்தார். விரல் பட்டன் மேல்தான் இருந்தது, கழலவில்லை. நான் கழற்றிவிட்டேன். கழுத்தெல்லாம் வேர்வை. மார்கழி மாதம், வெயில்கூட இன்னும் மலைக்கு வரவில்லை. தண்ணீர் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு பாட்டிலைக் கீழே வைத்தார்.

நான் பயந்துவிட்டேன் என்று தெரிந்துதான் கதை சொல்ல ஆரம்பித்தார். நமக்குத் தெரிந்த கதைதான். இது பறம்பு மலை, பாரி தன் 300 ஊரையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டான், மூவேந்தரும் சேர்ந்து சுற்றி வளைத்தும் மலையைப் பிடிக்க முடியவில்லை. ஏனென்றால் இங்கே உழாமலே நாலு விளைந்தது. "மூங்கில் நெல்லு" என்றார். மூச்சு வாங்கினார். "பலா." கொஞ்ச நேரம் கழித்து, "வள்ளிக்கிழங்கு." நாலாவது வரவில்லை. கை மட்டும் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "தேன், அப்பச்சி" என்றேன். "ஆமா, தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே கண்மாய்த் தண்ணீர் மேல் வெயில் ஏறும் வரை விடவில்லை.

எழுந்ததும் சொன்னார்: "அண்ணன்ட்ட சொல்ல வேணாம்த்தா. ஊருக்குப் போற புள்ளைய கவலையோட அனுப்பக் கூடாது."

நீங்கள் உச்சியைத் தொட்டுவிட்டு முதல் நாள் வழியில் இறங்கி, கோயில் வாசலில் காத்திருந்து எங்களைச் சத்தம் போட்டீர்கள். "இவளுக்குக் கால் வலி" என்றார் அப்பச்சி. நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் சத்தம் போட்டுக்கொண்டே கைக்குட்டையை அவிழ்த்தீர்கள். உள்ளே எனக்காகப் பறித்து வந்த சூராம்பழம். அதைத் தின்றுகொண்டே நின்றேன்.

அன்றிலிருந்து நான் "பாதி மலை". என் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பந்தியில் சொன்னீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தீர்கள். ஒவ்வொரு தடவையும் அப்பச்சி என் முகத்தைப் பார்ப்பார். நானும் சிரிப்பேன்.

அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டு அவரை மதுரைக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள். தெரியும். அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள், அண்ணே. ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே டாக்டரிடம் காட்டினேன், மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு காரியம், அதை எப்படி மீறுவது? நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் மீறியிருப்பீர்களா? என் இடத்தில் இருக்க உங்களுக்கு எப்போது நேரம் இருந்தது?

அப்புறம் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. பங்காளிகளும் படிப்பார்கள். வீட்டு விஷயமும் அப்படித்தான், அதை வளவுக்குள் பேசுவோம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீங்கள் வீடியோவில் "நல்லாத்தானே இருக்காக" என்று சொன்ன ஒவ்வொரு ராத்திரியும், முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து, முகம் துடைத்து, திருநீறு வைத்துவிட்ட பிறகுதான் போனைத் திருப்பினேன். அப்படிச் செய்யச் சொன்னது அவர்தான். உங்கள் குரலைக் கேட்ட ராத்திரிகளில் கொஞ்சம் தூங்கினார். அதையும் உங்களிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

சரி, மலைக்கு வருகிறேன். சனிக்கிழமை பிள்ளைகளோடு எல்லாரும் போகிற வழி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத் தடம், நான் முன்னால் போகிறேன், உச்சி வரைக்கும். பாறையைக் காட்டுகிறேன். அங்கே போட்டோ எடுக்க வேண்டாம்.

அதற்கு முன்னால், திதியன்று சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, என் கால் வலிக்கவே இல்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ஏன் என்று யாராவது கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கச்சி