தன்னந்தனியா கட்டினாராம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க புத்தகத்துல திருநெல்வேலிப் பக்கம் எங்க இடையன்குடி கோயிலப் பத்தி ஒரு பக்கம் வந்திருந்துச்சு. ஊர் பேரப் பாத்ததும் தராசுல பருப்ப அப்படியே விட்டுட்டு படிக்க ஆரம்பிச்சேன், வாங்க வந்த அம்மா முணுமுணுத்துக்கிட்டு பக்கத்து கடைக்கு போயிட்டாங்க, போகட்டும். ஆனா ரெண்டாவது பாராலயே அந்த வரி. வெள்ளக்கார மிஷனரி கால்டுவெல் இந்த ஆலயத்த தன்னந்தனியா எழுப்பினாராம். தன்னந்தனியா! அதுக்கு மேல படிக்க மனசு வரல, இருந்தாலும் காசு குடுத்து வாங்கினதாச்சேன்னு படிச்சு முடிச்சேன்.

உங்களுக்கு தெரியாததா ஐயா. அடிக்கல் போட்டது 1847, பிரதிஷ்டை ஆனது 1880 ஜூலை 6. நடுவுல 33 வருஷம். அந்த 33 வருஷமும் அவரு ஒரு கைல கொத்துக்கரண்டியும் இன்னொரு கைல சாந்துச்சட்டியுமா செம்மணல் தேரி வெயில்ல நின்னாரோ? அப்ப திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்த எப்ப எழுதினாரு? அது 1856ல வந்துச்சுன்னு உங்க நிருபரே அதே பக்கத்துல பெட்டி கட்டி போட்டிருக்காரு. இலக்கணமும் எழுதி, கல்லும் சுமந்து, 1877 பஞ்சத்துல கஞ்சியும் ஊத்தி, அதே வருஷம் கல்கத்தா போயி பிஷப் பட்டமும் வாங்கி, எல்லாம் ஒத்த ஆளு. சரி.

அவரு மேல எனக்கு கோவம் கிடையாது. எங்க வீட்டு நடு ஹால்ல அவரு படம் இருக்கு, எங்க அப்பா படத்துக்கு பக்கத்துல. ஊருக்கு தெரு போட்டதும் கிணறு வெட்டினதும் அவருதான், யாரும் மறக்கல. அவரு வீட்டம்மா எலைசா, நாகர்கோவில் மால்ட் ஐயர் மக (எங்க பக்கம் பாதிரியாரத்தான் ஐயர்னு சொல்லுவோம்), அவங்க எங்க பொம்பளப் புள்ளைங்களுக்கு லேஸ் பின்ன கத்துக் குடுத்தாங்க. எங்க ஆச்சி கண்ணு மங்குற வரைக்கும் தலகாணி மேல ஊசி குத்தி, நூல் சுத்தின கட்டைய மாத்தி மாத்தி போட்டு பின்னுவா, கட்டை ஒண்ணோட ஒண்ணு தட்டுற சத்தம் இப்பவும் காதுல இருக்கு. அந்த லேஸ் வித்த காசுலதான் எங்க அப்பா பள்ளிக்கூடம் போனது. உங்க பக்கத்துல எலைசாவுக்கு அரை வரி. ஆச்சிமாருக்கு அதுவும் இல்ல.

அதே ஆச்சி அடுப்படில ஒரு மண்கலயம் இருக்கும். உலை வைக்க அரிசி அளந்ததும் அதுலருந்து ஒரு பிடி எடுத்து கலயத்துல போட்டுட்டுதான் மீதிய கழுவுவா. பிடியரிசி. ரொம்பினதும் கோயிலுக்கு போயிரும். ஒரு ஐயர் மேல அவளுக்கு என்னமோ வருத்தம், அந்த வருஷம் பூரா பிடி சின்னதாயிட்டு, ஆனா ஒருநா கூட போடாம இருந்ததில்ல. "கோயில் ஐயருக்கா சொந்தம், நமக்குல்லா சொந்தம்"னு சொல்லுவா. எங்க பக்கத்து சபைங்க வளந்தது இப்படித்தான் ஐயா. பனையேறின ஆளுங்களோட கருப்பட்டி, முதல் முட்டை, முதல் வாழைத்தார், அசனம்ங்கிற கோயில் விருந்துக்கு வெட்ட நேந்து விட்ட கெடா. பண்டிகைல காணிக்கைய ஏலம் விடும்போது ஒத்த முருங்கக்கட்ட நானே 400 ரூபாய்க்கு எடுத்திருக்கேன், கடைல அத 40க்கு விப்பேன்.

அடுத்தது, அவரு வந்துதான் இங்க சபையே ஆரம்பிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க. அவரு இடையன்குடி வந்தது 1841 கடைசில. பாளையங்கோட்டைல 1780லயே 40 பேர் கொண்ட சபை கணக்கு எழுதியாச்சு. குளோரிந்தா அம்மா கட்டின கோயில் 1785. சத்தியநாதன் ஐயர் குருப்பட்டம் வாங்கினது 1790. தாவீது சுந்தரானந்தம் நம்ம சனம், நம்ம மண்ணு, ஊர்ல வாழ விடாம விரட்டப்பட்ட கிறிஸ்தவங்களுக்குன்னு 1799ல தனியா ஒரு ஊரே உண்டாக்கினாங்க, அதான் முதலூர். உங்க புத்தகத்துல ரெண்டு வருஷம் முன்னாடி முதலூர் மஸ்கோத் அல்வாவுக்கு முழுப்பக்கம் போட்டீங்களே, அந்த முதலூர்தான். அல்வாவுக்கு ஒரு பக்கம் உண்டு, அந்த ஊர உண்டாக்கின ஆளுக்கு ஒரு வரி இல்ல. அப்பவே ஒரு கடிதம் போட்டேன், வரல. தபால்ல தொலஞ்சிருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்.

இத விட பெரிய கூத்து, படத்துக்கு கீழ "கத்தோலிக்க ஆலயம்"னு போட்டது. ஐயா, இது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து சபை, பிஷப்பு இருந்தா எல்லாம் கத்தோலிக்கம் ஆயிராது. இந்த பிஷப்பு விஷயத்துக்காகவே எங்க பக்கம் ரெண்டா உடைஞ்சது தெரியுமா. ரேனியஸ் ஐயர் 1820லருந்து பாளையங்கோட்டைல இருந்து உபதேசியாருங்கள எல்லாம் உருவாக்கினவரு, லூத்தரன் முறைல குருப்பட்டம் வாங்கினவரு, பிஷப் தலைல கை வச்சாத்தான் ஐயரா, நாங்க கை வச்சா ஆகாதான்னு கேட்டாரு, இங்கிலாந்து சபை முறைய விமர்சிச்சு எழுதினாரு, 1835ல சிஎம்எஸ்ங்கிற ஆங்கிலிக்கன் மிஷன்காரங்க அவர வெளிய அனுப்பிட்டாங்க, சபைங்க பாதி அவரு பின்னால போயிருச்சு. கால்டுவெல்லே 1838ல மெட்ராஸ்ல வந்து எறங்கும்போது பிஷப்பே இல்லாத லண்டன் மிஷன் ஆளு, அப்புறந்தான் எஸ்பிஜிங்கிற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனுக்கு மாறினாரு. 1877ல ஒரே நாள்ல ரெண்டு பிஷப்பு, சிஎம்எஸ் பக்கத்துக்கு சார்ஜென்ட், எஸ்பிஜி பக்கத்துக்கு கால்டுவெல், ஒரே ஜில்லாவுக்கு. இவ்வளவு சண்டையும் போட்டு வளந்த சபை, 1947ல தென்னிந்திய திருச்சபையாச்சு, அதான் சிஎஸ்ஐ, நீங்க ஒத்த வார்த்தைல வாடிகனுக்கு எழுதி குடுத்துட்டீங்க. (எங்க ஆளுங்க சண்டை நின்னு போச்சுன்னு சொல்ல வரல. சபை எலக்‌ஷன் சமயத்துல வந்து பாருங்க.)

படத்த சொன்னேன்ல. அது எங்க கோயிலே இல்ல. 192 அடி கோபுரம் மெஞ்ஞானபுரத்துது, ஜான் தாமஸ் ஐயர் காலத்துது. மெஞ்ஞானபுரத்துக்காரர் ஒருத்தர் எனக்கு போன் போட்டு "அண்ணாச்சி, எங்க கோபுரத்த எப்ப தூக்கிட்டு போனிய"ன்னு கேக்காரு. என்ன பதில் சொல்ல?

இன்னொண்ணு, இது மனசுல கெடந்து உறுத்துறது. கால்டுவெல் 1849ல எங்க பனையேறி சனங்களப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாரு. நல்ல விதமா எழுதல. எங்களுக்கு புத்தி கம்மிங்கிற மாதிரி. எங்க ஆளுங்க மனு மேல மனு போட்டாங்க. நாசரேத் பக்கத்து சட்டம்பிள்ளை 1857ல வெள்ளக்காரனே வேண்டாம்னு தனி சபையே கண்டாரு, சனிக்கிழமைய ஓய்வுநாளா வச்சாரு. கோயில் கட்டிட்டு இருந்த அதே காலத்துல, பக்கத்துலயே நடந்தது இது. கட்டின ஆளு நம்மள என்ன நெனச்சாருன்னு தெரிஞ்சும் எங்க பாட்டன்மாரு அதே கோயிலுக்கு போயிருக்காங்க, காணிக்கை போட்டிருக்காங்க. இது உங்க நிருபருக்கு தெரியலன்னா பரவால்ல. தெரிஞ்சு விட்டிருந்தா?

எங்க அப்பா எறந்தப்ப ஒரு பழைய ஞானஸ்நான பதிவு நகல் தேவப்பட்டுச்சு. எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், ஆறு தடவ அலைய விட்டாங்க, லட்டர் கொண்டா, அந்த லட்டருக்கு சீல் கொண்டான்னு. கடைசில ரெஜிஸ்டர தொறந்து காட்டினாங்க. பக்கம் முறுக்கு மாதிரி நொறுங்குது. எங்க பாட்டையா பேரு, அவங்க அப்பா பேரு, தொழில்னு ஒரு கட்டம், அதுல பனையேறின்னு பழுப்பு மையில. மேலயும் கீழயும் பாத்தேன், பக்கம் பூரா பனையேறி, பனையேறி, பனையேறி. அந்த ஒரு பக்கத்த பாத்திருந்தா உங்க நிருபர் தன்னந்தனியான்னு எழுதியிருக்க மாட்டாரு.

1891ல கொடைக்கானல்ல எறந்தவர அத்தன தூரம் மலையெறக்கி எங்க ஊருக்கு கொண்டாந்து கோயிலுக்குள்ளயே, பலிபீடத்துக்கு கீழ அடக்கம் பண்ணினாங்க. அவரும் தன்னந்தனியா நடந்து வரலைல்ல.

நான் ஒண்ணும் பெருசா கேக்கல. அடுத்த இதழ்ல ஒரு ஓரமா, படம் மெஞ்ஞானபுரம், இது சிஎஸ்ஐ ஆலயம், ஊர் சனங்களும் சேந்து கட்டினதுன்னு மூணு வரி போட்டா போதும். போட்டீங்கன்னா அந்த இதழ் ரெண்டு காப்பி சேத்து அனுப்புங்க, ஊருக்கு அனுப்பணும், பணம் மணியார்டர்ல வரும். போடலன்னாலும் சந்தாவ நிறுத்தப் போறதில்ல, குறுக்கெழுத்து என் வீட்டம்மாவுக்கு வேணும்.

இப்படிக்கு,
19 வருஷ சந்தாதாரர்,
மளிகைக் கடை, தாம்பரம்