எரிச்சல் இருக்கிறதா என்று கேள்

காரைக்குடி

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குத் திருச்சியிலேயே நர்சிங் சேர்க்கை கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். விடுதியில் விடாமல் வீட்டிலிருந்தே போய் வரட்டும், அதுதான் நல்லது. இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் மழை பரவாயில்லை, எங்கள் பக்கம் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. கமலாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை சந்தைக்கு மட்டும் தானே போய்த்தான் காய் வாங்குவேன் என்று பிடிவாதம், நானும் விட்டுவிட்டேன்.

சரி, அந்தப் பெரியவர் விஷயம். நாம் தொழுநோய் வேலை பார்த்த காலத்தில் நம் பட்டியலில் இருந்தவர், மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டு முடித்தவர், இப்போது ராத்திரியில் கால் எரிச்சலில் தூங்க முடியவில்லை என்கிறார் என்று எழுதியிருந்தாய். "நோய் போய் எத்தனை வருஷம் ஆச்சு, இது வயசுக் கோளாறு" என்று சொல்லி வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அது வயசுக் கோளாறு இல்லை, மாணிக்கம். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

பள்ளத்தூரில் எனக்குப் பழக்கமான ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டைக் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, காவலுக்கு ஒரு அம்மா பின்கட்டில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், நம் காலத்தில் சிகிச்சை எடுத்தவர்தான். போன கோடையில் அங்கே போயிருந்தபோது, இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஈரத்துணியை விரித்து, அதில் உள்ளங்காலை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலுக்கா என்று கேட்டேன். "இல்ல தம்பி, காந்துது. ராவெல்லாம் காந்துது. சேலை நுனி பட்டாக்கூடத் தாங்கலை" என்றார். அதே காலின் ஓரத்தில் ஒரு தீக்காயம். விறகடுப்பில் பட்டது எப்போது என்றே அவருக்குத் தெரியவில்லை.

இதைத்தான் பலர் நம்புவதில்லை. மரத்துப்போன காலில் வலி எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். சூட்டையும் குத்தலையும் மூளைக்குச் சொல்ல வேண்டிய நரம்பு பழுதாகி, சொல்ல வேண்டியதைச் சொல்வதில்லை. வெளியே ஒன்றும் நடக்காதபோது தானாகவே எரிகிறது, சுரீரென்று இழுக்கிறது, எறும்பு ஊர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. கிருமி செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அது இருந்தபோது நரம்புக்குள் உண்டான வீக்கமும் தழும்பும் போகவில்லை. மாத்திரையால் கிருமியைத்தான் கொல்ல முடிந்தது.

இவ்வளவு நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா, திரும்ப வந்துருச்சும்பாங்க. அப்புறம் இந்த வீட்டுல யாரு வச்சுக்குவா?" என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. நாம் ஒருவருக்கு மாத்திரை முடிந்ததும் பதிவேட்டில் ஆர்.எஃப்.டி., அதாவது சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று எழுதினோம். அதோடு அவர் பெயர் கணக்கிலிருந்து போனது. 2005 கடைசியில், நாடு முழுக்கத் தொழுநோய் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தார்களே, அன்றைக்கு நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அதில் தப்பில்லை, அது பெரிய காரியம்தான். ஆனால் குணமானவர் ராத்திரி தூங்குகிறாரா என்று கேட்க எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

அந்த அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வயதில் சின்ன டாக்டரம்மா, ஆனால் பொறுமையாகப் பார்த்தார். முழங்கைக்குப் பின்னால், முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே, உள் கணுக்காலுக்குப் பின்னால் என்று நாம் தடவிப் பார்ப்போமே, அதே இடங்களில் நரம்பைத் தொட்டுப் பார்த்தார். புதிதாக வீங்கி, தொட்டால் வலியில் துடிக்கவைக்கிற நரம்பு என்றால் அது ரியாக்ஷன், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கிளம்பி நரம்பை வீங்கவைப்பது. அதிலும் கையோ காலோ புதிதாகப் பலமிழந்தால் தாமதிக்காமல் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. புதிய தேமல் இல்லை, புதிய பலவீனம் இல்லை. எனவே நோய் திரும்பவில்லை, ரியாக்ஷனும் இல்லை, பழைய நரம்புச் சேதத்தின் வலி என்று தெளிவாகச் சொன்னார். இதற்குப் போய் ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். சர்க்கரை, பி12, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார். இந்த வயதில் எரிச்சலுக்கு வேறு காரணமும் கூடச் சேர்ந்திருக்கலாம் இல்லையா?

ராத்திரி படுக்கப்போகும் முன் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார். டைக்ளோஃபினாக் மாதிரியான வலி மாத்திரை இந்த வலிக்கு அவ்வளவாகக் கேட்காது, வயதானவர்களின் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். நடுவில் ஒரு சிக்கல் வந்தது. மருந்துக் கடையில் யாரோ "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கிறது" என்று சொல்லிவிட, அந்த அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். மனச்சோர்வுக்கு இதை அதிக அளவில் கொடுப்பார்கள். குறைந்த அளவில் இது நரம்பு வலியைத் தணிக்கிறது என்று நான் போய் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் மறுபடி எடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தைரியம் சொல்ல ஒரு ஆள் கூடவே வேண்டும்.

அவருக்கு வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வந்தன. அளவைக் கூட்டாமல், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, காபாபென்டின் என்ற இன்னொரு நரம்பு வலி மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்தார்கள். முதல் நாட்களில் கொஞ்சம் தலைசுற்றல் இருந்தது. ராத்திரி எழுந்தால் தூணைப் பிடித்துக்கொண்டு நட என்று சொல்லியிருந்தேன். இப்போது எரிச்சல் முழுக்கப் போகவில்லை. பாதியாகக் குறைந்திருக்கிறது, அவர் விடியும்வரை தூங்குகிறார். இந்த வலிக்கு அதுவே நல்ல பலன் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

உன் பெரியவருக்கு வயது எண்பது என்கிறாய். ஆண் என்பதால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு: நீர் பிரிவதில் சிரமம், இருதயக் கோளாறு, கண்ணில் அழுத்த நோய் ஏதாவது இருந்தால் அமிட்ரிப்டிலின் அவருக்கு ஒத்துவராமல் போகலாம். காபாபென்டினோ பிரிகாபாலினோ கொடுத்தால் சிறுநீரகம் பார்த்துத்தான் அளவு. எதையும் தானாக, திடீரென்று நிறுத்தக் கூடாது. அப்புறம், எரிகிறதே என்று உப்பு ஒத்தடம், சுடுதண்ணீர் என்று எதுவும் வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம்தான் மிஞ்சும். நாம் சொல்லிக் கொடுத்ததேதான்: சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவி, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டுத்தான் நடக்க வேண்டும். வலி குறைந்தவுடன் அதிகம் நடப்பார்கள், அதனால் பாதத்தைத் தினமும் புரட்டிப் பார்க்கச் சொல்.

உன் பழைய வட்டாரத்தில் இன்னும் இருப்பவர்களையும் ஒருமுறை போய்ப் பார். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். எரிச்சல் இருக்கிறதா, ராத்திரி தூங்குகிறீர்களா, துணி பட்டால் வலிக்கிறதா என்று நேராகக் கேள். நோய் திரும்பவில்லை என்பதை வீட்டில் இருப்பவர்கள் காதில் விழும்படி சொல். பள்ளத்தூர் வீட்டுக்காரரிடம் நான் போனில் பேசினேன். அவர் அந்த அம்மாவை அனுப்புவதாக இல்லை, மருந்துச் செலவையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அமாவாசைக்கு முன்னால் பெரியவரை டாக்டரிடம் அழைத்துப்போய்விட்டு, என்ன சொன்னார்கள் என்று எழுது. ரத்தப் பரிசோதனைச் சீட்டை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, டாக்டரம்மாவிடம் காட்டுகிறேன். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி வருவதாகச் சொன்னாயே, இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா.

அன்புடன்,
சுப்பையா