ஊரைவிட்டுப் போனவர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிராம ஆய்வுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இருவேல்பட்டு என்ற கிராமத்தைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டதுதான் வருத்தம். எனக்கும் அதே விழுப்புரம் மாவட்டம்தான், எங்கள் ஊரிலும் அதே நெல்லும் கரும்பும்தான்.

1916-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்றெல்லாம் விசாரித்து எழுதிவரத் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதில் ஒன்று இருவேல்பட்டு. அப்புறம் 1930-களிலும் 1961-லும் வேறு ஆய்வாளர்கள், 1980-களின் தொடக்கத்தில் எஸ்.குகன், 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் என்று திரும்பத் திரும்ப அதே ஊருக்குப் போயிருக்கிறார்கள். கடனுக்காகப் பண்ணையில் கட்டுப்பட்டுக் கிடந்த படியாள் முறை இந்த இடைவெளியில் இல்லாமலே போனது. ஊருக்கு வெளியே வேலை கிடைத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஆய்வுகளைப் பற்றித் தேடிப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. என் தாத்தா படியாளாக இருந்தவர். அப்பா கரும்பு வெட்டப் போனார். நான் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், நான் லீவில் ஊருக்குப் போயிருந்த நாளில், ஏதோ ஒரு கணக்கெடுப்புக்காக ஒரு பெண் டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். "நான் என்னம்மா வேலை செய்யறேன், சும்மா வீட்லதான் இருக்கேன்" என்றார் அம்மா. விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, நூறு நாள் வேலைக்கும் போய்த் திரும்பி, வரப்பில் அறுத்து வந்த புல்லுக்கட்டை அப்போதுதான் மாட்டுக்கு அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் 'இல்லத்தரசி' என்று தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். என்னைச் சேர்க்க முடியாதாம், ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருக்கிறேனாம். தங்கை கல்யாணமாகிப் போய்விட்டதால் அவளும் கிடையாது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவர் கையிலிருந்த படிவம் அப்படி. ஆனால் தாத்தாவின் கடன் எங்கள் தலைமுறையில் என்ன ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், வெளியே போன எங்களிடம்தானே கேட்க வேண்டும்?

அமெரிக்காவில் 1968-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனாலும் அவர்களை விடாமல் தொடர்ந்து விசாரிக்கிறார்கள். அது பணக்கார நாடு என்று சொல்லலாம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 'யங் லைவ்ஸ்' ஆய்வு 2002 முதல் சுமார் 3,000 பிள்ளைகளைத் தொடர்கிறது, கொரோனா காலத்தில் நேரில் போக முடியாதபோது போனிலேயே பேசியிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கிராம ஆய்வுகளில் இனி யாராவது இறங்கினால், தயவுசெய்து, வீட்டில் இருப்பவர்களோடு நிறுத்தாமல் அந்த வீட்டிலிருந்து போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள், குறிப்பாகக் கட்டிக்கொடுத்த பெண்களை. பழைய ஆய்வுகளைத் தமிழில் போட்டு அந்தந்த ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

அன்றைக்கு அந்தப் பெண் கேட்டிருந்தால் என் போன் நம்பரையும் தங்கை நம்பரையும் அங்கேயே கொடுத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரகடத்திலிருந்து ஒரு வாசகன்